ஐம்பத்து மூன்றாம் மாடி ஜன்னல்

போன மாதம் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவளுடைய பேரன் கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆர்ப்பாட்டம் இல்லாத பாட்டு. முன்னால் ஒரு கிதார். அதன்மேல் ஓர் ஆண் குரல். அந்தக் குரலிலும் கூச்சல் இல்லை. பக்கத்து அறையில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதே என்று அஞ்சி ஒருவன் தனக்குத்தானே பாடிக்கொள்வது போல இருந்தது. மேல்நாட்டுச் சங்கீதம் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் அக்கா, அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த முறத்தை மடியில் வைத்தபடியே, "என்னடா பாடறான்?" என்று கேட்டாள்.

"செத்துப்போன தன் பிள்ளையைப் பத்திப் பாடறான் பாட்டி. நாலு வயசுப் பிள்ளை. இந்தப் பாட்டு லட்சக்கணக்கிலே வித்துது" என்றான் பையன்.

அக்கா முறத்தின் பக்கம் குனிந்துகொண்டாள். "பெத்த பிள்ளை போனதைப் பாட்டாக் கட்டி வித்தானா? கூலிக்கு மாரடிக்கிறவங்ககூட ஊரான் வீட்டுச் சாவுக்குத்தான் மாரடிப்பாங்க" என்றாள்.

பேரனுக்குச் சொன்ன பதில் அல்ல அது. எனக்குச் சொன்னது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தப் பாட்டின் கதையைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு வாரம் அதைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

பாடியவர் எரிக் கிளாப்டன். பாட்டின் பெயர் 'டியர்ஸ் இன் ஹெவன்'. சொர்க்கத்தில் கண்ணீர் என்று பொருள். வெளிவந்த ஆண்டு 1992. ஆனால் கதை அங்கே ஆரம்பிக்கவில்லை. அதற்கு நாற்பத்தேழு வருஷங்களுக்கு முன், இங்கிலாந்தில் ஸரே மாவட்டத்து ரிப்ளி என்ற சின்ன ஊரில், ஒரு பொய்யில் ஆரம்பிக்கிறது.

யுத்தம் முடியும் தறுவாய். அந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் கனடா தேசத்துச் சிப்பாய்கள் முகாம் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் மான்ட்ரியல்காரனான எட்வர்ட் ஃப்ரையர். பியானோ வாசிப்பான். ரிப்ளியைச் சேர்ந்த பட்ரீஷியா என்ற பெண்ணுக்கு அவனோடு பழக்கம் ஏற்பட்டது. அவளுக்கு வயசு பதினாறு. 1945 மார்ச் 30-ந் தேதி அவள் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றாள். சிப்பாய் தன் தேசத்துக்குத் திரும்பிவிட்டான். தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

ஊர் வாயை மூடுவதற்குப் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குழந்தையைப் பாட்டி ரோஸும் அவளுடைய இரண்டாவது கணவரும் தங்கள் பிள்ளையென்று வளர்த்தார்கள். பெற்றவள் 'அக்கா' ஆனாள். சில வருஷங்களில் அந்த அக்கா வேறொரு கனடாச் சிப்பாயை மணந்துகொண்டு ஊரைவிட்டே போய்விட்டாள். இத்தகைய பொய்கள் நம் ஊர்களில் தெரியாதவை அல்ல. ஆனால் பொய் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: குழந்தைக்குக் காது இருக்கிறது. அடுக்களைப் பேச்சிலிருந்து அரசல்புரசலாகப் பையனுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. யாரிடமும் கேட்கவில்லை. காத்திருந்தான்.

ஒன்பது வயதில் சமயம் வந்தது. பட்ரீஷியா தன் புதுக் குழந்தைகளோடு ரிப்ளிக்கு வந்தாள். ஒருநாள் மாலை எல்லாரும் கூடியிருக்கும்போது பையன் வாயைத் திறந்து, இனிமேலாவது உன்னை அம்மா என்று கூப்பிடலாமா என்று கேட்டுவிட்டான். அவள் சங்கடப்பட்டாள். அவர்கள் உனக்காக இவ்வளவு செய்திருக்கிறார்கள், ஆகவே பாட்டி தாத்தாவையே அம்மா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பதுதான் நல்லது என்ற கருத்தில் இதமாகவே பதில் சொன்னாள். இதையெல்லாம் கிளாப்டனே 2007-ல் வெளியான தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால், பத்திரிகாசிரியர் 'மிகை' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பியிருப்பார். வாழ்க்கைக்கு அந்தப் பயம் கிடையாது. 'நான் உன் பிள்ளைதானே, சொல்' என்று கேட்டவனுக்கு, 'தெரியும், ஆனாலும் சொல்ல மாட்டேன்' என்று பதில் வருகிறது. வாசகர்கள் இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தேழு வருஷம் கழித்து இதே கேள்வியை அவர் மறுபடியும் கேட்கப் போகிறார், திசை மாற்றி.

நடுவில் நடந்தவை சங்கீத சரித்திரம் அறிந்தவர்களுக்குத் தெரிந்தவையே, வேகமாகச் சொல்லிவிடலாம். பதின்மூன்று வயதில் ஒரு மலிவான கிதார் கையில் வந்தது. அமெரிக்க நீக்ரோ மக்களின் 'ப்ளூஸ்' சங்கீதத்தைப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒவ்வொரு சுரமாகத் திருடிக் கற்றுக்கொண்டார். 1963-ல் 'யார்ட்பேர்ட்ஸ்' கோஷ்டி. 1966-லிருந்து 1968 வரை 'க்ரீம்' கோஷ்டி. லண்டன் சுவர் ஒன்றில் யாரோ ஒரு ரசிகன் 'கிளாப்டனே கடவுள்' என்று எழுதி வைத்தான். இருபது வயது இளைஞனைக் கடவுள் என்று சொன்னால் அவன் என்ன ஆவான்? நம்புவான், அல்லது நம்ப முடியாமல் எதையாவது விழுங்குவான். இவர் விழுங்கினார். முதலில் ஹெராயின், பிறகு சாராயம். சிநேகிதர் ஜார்ஜ் ஹாரிஸனின் மனைவியின் மேல் மையல் கொண்டு, நிஜாமியின் லைலா-மஜ்னூன் கதையிலிருந்து பெயரை எடுத்து, 1970-ல் 'லைலா' என்ற பாட்டைப் போட்டார். 1979-ல் அந்தப் பெண்ணையே மணந்தார். 1989-ல் விவாகரத்தும் ஆயிற்று.

அவரை ஒரு புனிதராக்கிக் காட்டுவது என் நோக்கம் அல்ல. 1976-ல் பர்மிங்காம் மேடையில் குடிவெறியில் நின்றுகொண்டு, குடியேறி வந்த கறுப்பர்களையும் நம்மவர்களையும் நாட்டைவிட்டு விரட்ட வேண்டும் என்று அவர் பேசிய பேச்சு இன்றும் படிக்கக் கூசுகிறது. கறுப்பர்களின் சங்கீதத்தால் சோறு தின்றவர் அவர்! அந்தப் பேச்சுக்கு எதிர்ப்பாகவே இங்கிலாந்தில் இனவெறிக்கு எதிரான ஓர் இசை இயக்கம் தோன்றிற்று.

1986 ஆகஸ்டு மாதம் ஒரு பிள்ளை பிறந்தான். தாய் லோரி டெல் சான்டோ என்ற இத்தாலிய நடிகை. பிள்ளைக்குக் கானர் என்று பெயர். கிளாப்டன் அப்போதும் குடிகாரர்தான். ஒரு முறை, 1982-ல், அமெரிக்காவில் மின்னஸோட்டா ராஜ்யத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றில் தங்கி விட்டிருந்த குடி திரும்ப வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு 1987-ல் மறுபடியும் அங்கே போனார். இந்தத் தடவை விட்டது விட்டதுதான். அவருடைய குடியை நிறுத்தியது டாக்டர்கள் அல்ல. தன் தகப்பன் தனக்குச் செய்ததைத் தானும் இந்தப் பிள்ளைக்குச் செய்துவிடக் கூடாதே என்ற பயம்.

ஆனாலும் தகப்பனாக இருக்கத் தெரியவில்லை. தெரிவதற்கு யாரைப் பார்த்திருக்கிறார்? பிள்ளை தாயோடு இத்தாலியில் வளர்ந்தான். இவர் விருந்தாளி மாதிரி வந்து போனார். வரும்போதெல்லாம் பக்கத்தில் தாயோ வேறு யாரோ இருப்பார்கள்.

1991 மார்ச் 19-ந் தேதி முதன்முறையாக அவர் பிள்ளையைத் தனியாக வெளியே அழைத்துப் போனார். லோரியும் கானரும் அப்போது நியூயார்க்கில், 57-வது தெருவில் ஓர் உயரமான கட்டடத்தின் ஐம்பத்து மூன்றாம் மாடியில் தங்கியிருந்தார்கள். பக்கத்து லாங் ஐலண்டில் சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது. தகப்பனும் பிள்ளையுமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பக் கொண்டுவந்து விட்டபோது கிளாப்டன் லோரியிடம், இனிமேல் இவன் என்னிடம் வரும் நாட்களில் நானே தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். ஒரே ஒரு சாயங்காலத்தில் தகப்பன் ஆகிவிட்ட தெம்பு அது. மறுநாள் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு மிருகக்காட்சி சாலைக்குப் போவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை பதினொரு மணி சுமாருக்கு, சற்றுத் தொலைவில் ஹோட்டலில் இருந்தவருக்கு டெலிபோன் வந்தது. லோரி அலறிக்கொண்டிருந்தாள். பிள்ளை செத்துப்போய்விட்டான் என்றாள். அந்த வீட்டில் தரையிலிருந்தே எழும்புகிற பெரிய கண்ணாடி ஜன்னல். சுத்தம் செய்வதற்காக அது திறக்கப்பட்டிருந்தது. ஓடி விளையாடிக்கொண்டிருந்த குழந்தை அந்த அறைக்குள் ஓடி வந்தான். அவ்வளவுதான்.

கிளாப்டன் பார்க் அவென்யூவில் நடந்து போனார். நடந்தது ஏதோ ஒரு தவறான செய்தியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார். கட்டடத்தை நெருங்கியபோது போலீஸார் கட்டிய கயிறும் வைத்திய உதவிக்கு வந்தவர்களும் கண்ணில் பட்டார்கள். அவர் நிற்கவில்லை. உள்ளே போகத் தைரியம் இல்லாமல், சம்பந்தமில்லாத வழிப்போக்கனைப் போல அந்த இடத்தைத் தாண்டி நடந்து போய்விட்டார். பிறகுதான் திரும்பி வந்தார்.

பல வருஷங்களாகச் சாவுகளை எழுதிப் பிழைக்கிறவன் நான். அலறி விழுகிற தகப்பனை எழுதியிருக்கிறேன். கல்லாய்ச் சமைந்த தகப்பனை எழுதியிருக்கிறேன். அந்தச் சில கஜ தூரத்தை, தெரியாதவன் போல் தாண்டிப் போன அந்த நடையை, எனக்கு எழுதத் தோன்றியிருக்காது.

இதற்கு ஏழு மாதத்துக்கு முன்புதான், 1990 ஆகஸ்டு 27-ந் தேதி, விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் ஒரு கச்சேரி முடிந்து ஹெலிகாப்டரில் கிளம்பியவர்களை அவர் பறிகொடுத்திருந்தார். கிதார் வித்வான் ஸ்டீவி ரே வானும், கிளாப்டனுடன் வேலை செய்த மூன்று பேரும் அதில் மாண்டார்கள். அந்தத் துக்கத்தை அவர் வேலையில் அமுக்கினார். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இருபத்துநாலு இரவுகள் கச்சேரி செய்தார்; கடைசிக் கச்சேரி மார்ச் 9-ந் தேதி. அதற்குப் பதினோரு நாள் கழித்து இது.

மார்ச் 28-ந் தேதி குழந்தையை ரிப்ளி மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள். தகப்பனின் நாற்பத்தாறாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் இருந்தது. எந்த ஊரில் தாயை அக்கா என்று கூப்பிட்டாரோ அதே ஊர் மண்.

மறுபடியும் குடிப்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். குடித்திருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? குடிக்கவில்லை. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் சபைகளுக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தார். அப்படி ஒரு கூட்டத்தில் அவர் நடந்ததைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண்மணி அவரிடம் வந்தாளாம். என் குழந்தைகளுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் அப்போது நான் குடிக்கலாம் என்று மனசின் ஒரு மூலையில் ஒரு சாக்கை ஒளித்து வைத்திருந்தேன். அந்தக் கடைசிச் சாக்கையும் நீர் பிடுங்கிக்கொண்டுவிட்டீர் என்றாளாம். இந்தச் சம்பவத்தைக் கிளாப்டன் மிகுந்த நன்றியோடு நினைவுகூர்கிறார். பிள்ளையின் ஞாபகத்துக்குத் தன்னால் செய்ய முடிந்த மரியாதை இதுதான் என்று அவருக்கு அப்போது பட்டது.

பிறகு கரீபியன் கடலில் ஆன்டிகுவா தீவுக்குப் போய்ச் சிறிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட இருந்தது நரம்புத் தந்தி போட்ட ஒரு ஸ்பானிஷ் கிதார். பகலெல்லாம் கொசு அடிப்பார், கிதார் வாசிப்பார். வேறு வேலை இல்லை. யாருக்காகவும் வாசிக்கவில்லை. மின்சாரக் கிதாரில் ஆயிரக்கணக்கானவர்களை அதிர வைத்தவர், குழந்தையைத் தூங்க வைக்கிற சத்தத்தில் வாசிக்க ஆரம்பித்தது அங்கேதான். ஜமைக்காப் பாடகர் ஜிம்மி க்ளிஃப்பின் 'மெனி ரிவர்ஸ் டு க்ராஸ்' என்ற பழைய பாட்டின் சுருதிக்கோவை வெகுநாளாக அவர் மனத்தைப் பிடித்து வைத்திருந்தது. அதன் சாயலில் ஒரு மெட்டு மெல்ல உருவாயிற்று.

இதற்குப் பின்தான் விஷயம் சிக்கலாகிறது. அக்காவின் கட்சி பலப்படுகிறது.

'ரஷ்' என்று ஒரு சினிமா. போதை மருந்துக் கும்பலுக்குள் வேஷம் போட்டு நுழையும் போலீஸாரே போதைக்கு அடிமையாகிவிடும் கதை. டைரக்டர் லிலி ஃபினி ஜானக் என்ற பெண்மணி. அதற்கு இசையமைக்க ஒப்புக்கொண்ட கிளாப்டன், பாட்டெழுத வில் ஜென்னிங்ஸ் என்ற தொழில்முறைப் பாடலாசிரியரைச் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் 'டைட்டானிக்' படப் பாட்டை எழுதியவரும் இவரே. முதல் அடிகள் என்னிடம் இருக்கின்றன, மீதியை நீர் எழுதும் என்றார் கிளாப்டன். ஜென்னிங்ஸ் தயங்கினார். இது உம்முடைய சொந்தத் துக்கம், எல்லாவற்றையும் நீரே எழுதுவதுதான் முறை என்றார். கிளாப்டன் விடவில்லை. கடைசியில் இருவருமாகச் சேர்ந்து எழுதினார்கள்.

பிள்ளை செத்த துக்கத்துக்குக் கூலி ஆள் வைத்துப் பாட்டெழுதுவதா என்று எனக்கும் முதலில் சுருக்கென்றது. யோசித்தால் வேறு விதமாகவும் தோன்றுகிறது. நம் ஊர் இழவு வீட்டில் யாராவது தனியாக ஒப்பாரி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வந்தவள் கழுத்தைக் கட்டிக்கொண்டுதானே அழுகிறார்கள்! இருக்கட்டும்.

பாட்டு முடிந்தது. அதை ஊரறியச் செய்வதா என்று கிளாப்டனுக்கு ஒரே குழப்பம். வெளியிடவே அவருக்கு மனமில்லை. டைரக்டர் அம்மாள் சொன்ன வாதம் ஒன்றே ஒன்று: இது எங்கேயோ யாருக்கோ ஒரு விதத்தில் உதவியாக இருக்கலாம். அதைக் கேட்டு அவர் சம்மதித்தார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் உலாவிவிட்டு வந்தேன். ஏனென்றால் அதே வாதத்தை நான் சொல்லியிருக்கிறேன்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அக்காவின் மூத்த பிள்ளை, மூன்று வயசு, கொல்லைக் கிணற்றில் விழுந்து போய்விட்டான். மறு வருஷம் ஒரு தீபாவளி மலருக்குக் கதை கேட்டிருந்தார்கள். எழுதினேன். ஊரை மாற்றினேன், பேரை மாற்றினேன், பையனைப் பெண் குழந்தை ஆக்கினேன். கிணற்றை மட்டும் மாற்றவில்லை. கதைக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. சன்மானமும் வந்தது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். போய் நின்றபோது, பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார்களுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று சொன்னேன். "எனக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் பேச்சு இல்லை.

கிளாப்டன் எழுதியது தன் பிள்ளையைப் பற்றி. நான் எழுதியது பிறத்தியார் பிள்ளையைப் பற்றி. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கானருக்கும் ஒரு தாய் உண்டு. அந்தப் பாட்டில் அவள் இல்லை.

பாட்டில் இருப்பது என்ன? புலம்பல் இல்லை. விதியையோ கடவுளையோ ஜன்னலைத் திறந்து வைத்தவனையோ நிந்திப்பது இல்லை. மறு உலகத்தில் பிள்ளையைச் சந்தித்தால், அவன் தன்னை இன்னார் என்று தெரிந்துகொள்வானா என்று ஒரு தகப்பன் கேட்கிறான். உறவு கொண்டாட மாட்டேன் என்று சொல்லிவிட்ட தாயின் முன்னால் ஒன்பது வயதில் நின்றவன், நாற்பத்தாறு வயதில் பிள்ளையின் முன்னால் அதே சந்தேகத்தோடு நிற்கிறான். நாலு வருஷமும் ஏழு மாதமும் வாழ்ந்த பிள்ளை. அதில் தகப்பன் கூட இருந்த நாட்கள் எத்தனை? ஒரே ஒரு சாயங்காலம் மட்டுமே தனியாக. அடையாளம் தெரியுமா என்ற கேள்வி கவிதைக்காகச் சேர்த்த அலங்காரம் அல்ல. கணக்குப் பார்த்துக் கேட்ட கேள்வி. 'அன்பு மகனே' என்று ஆயிரம் பேர் பாடலாம், 'என்னைத் தெரிகிறதா?' என்று கேட்க இந்த ஒருவருக்குத்தான் யோக்கியதை இருந்தது. பாட்டின் பலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1991 டிசம்பரில் அவர் ஜப்பானில் மேடை ஏறினார். பழைய சிநேகிதர் ஜார்ஜ் ஹாரிஸனுடைய கச்சேரிகளுக்குப் பக்க வாத்தியமாகப் போனார். (யாருடைய மனைவிக்காக லைலா பாட்டைப் போட்டாரோ அதே ஹாரிஸன்! மேல்நாட்டுச் சிநேகம் நமக்குப் புரிவதில்லை.) 1992 ஜனவரியில் பாட்டு இசைத்தட்டாக வந்தது. 1981-க்குப் பிறகு அமெரிக்காவில் முதல் பத்து இடத்துக்குள் அவருடைய தனிப்பாட்டு எதுவும் போனதில்லை. இது இரண்டாவது இடத்துக்குப் போயிற்று. இங்கிலாந்தில் ஐந்தாவது இடம். பழைய கடவுள் என்று ஒதுக்கி வைத்திருந்தவரை, கிதாரைப் பற்றி ஒன்றும் தெரியாத குடும்பங்களும் கேட்க ஆரம்பித்தன.

அதே ஜனவரி 16-ந் தேதி, லண்டனுக்கு வெளியே ப்ரே ஸ்டூடியோவில், ஒரு சிறு கூட்டத்தின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து மின்சாரமில்லாத வாத்தியங்களோடு அவர் ஒரு கச்சேரி செய்தார். தொலைக்காட்சிக்காகச் செய்தது. அதை இசைத்தட்டாக்க வேண்டும் என்று கேட்டபோது அவருக்கு உற்சாகமில்லை. ஏதோ கொஞ்சம் பிரதிகள் போட்டால் போதும் என்று நினைத்தார். அந்த 'அன்ப்ளக்டு' தட்டு உலகம் முழுவதும் இரண்டரைக் கோடிக்கு மேல் விற்றது. அவர் வாழ்நாளில் வேறு எதுவும் அவ்வளவு விற்றதில்லை. அன்றைக்கு அவர் பாடியவற்றில் தட்டில் சேர்க்காமல் விட்டவற்றுள் இரண்டு பாட்டுகள் உண்டு. ஒன்று அந்தச் சர்க்கஸ் இரவைப் பற்றியது. மற்றொன்று, பார்த்தறியாத தகப்பனின் கண்களைப் பற்றியது. எல்லாவற்றையும் விற்றுவிட்டார் என்று அக்கா நினைக்கிறாள். இவ்விரண்டையும் அவர் 1998 வரைக்கும் வெளியிடவில்லை.

1993 பிப்ரவரியில் கிராமி பரிசுகள் கொடுத்தார்கள். கிளாப்டனுக்கு ஆறு. அதில் மூன்று இந்தப் பாட்டுக்கு. இன்னொன்று மெதுவாகப் பாடிய பழைய 'லைலா'வுக்கு. அந்தப் பரிசில் பங்காளி ஜிம் கார்டன் என்ற டிரம் வித்வான். சித்தபிரமை பிடித்து 1983-ல் பெற்ற தாயையே கொன்றுவிட்டு அவர் அப்போது சிறையில் இருந்தார். 2023-ல் காவலிலேயே இறந்தார். அந்த இரவு மேடையில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அவரை நினைத்தார்களோ!

அந்தத் தட்டைப் பற்றிக் கிளாப்டன் சுயசரிதையில் ஒரு வார்த்தை சொல்கிறார். தயாரிக்க மிகவும் குறைவான செலவு பிடித்த தட்டு அது, உழைப்பும் அதிகமில்லை. ஆனால் அதற்கு உண்மையில் என்ன விலை ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் ரிப்ளிக்குப் போய்த் தன் பிள்ளையின் கல்லறையைப் பார்க்கட்டும் என்கிறார்.

1998-ல் தகப்பனின் கண்களைப் பற்றிய பாட்டு வெளியாயிற்று. தகப்பன் கண்ணை நான் பார்த்ததில்லை, பிள்ளையின் கண்ணைப் பார்த்தபோதுதான் அதற்கு மிகவும் கிட்டத்தில் போனேன் என்று அதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். அதே வருஷம் கனடாவில் ஒரு பத்திரிகை நிருபர் பழைய தஸ்தாவேஜுகளைக் கிளறி, எட்வர்ட் ஃப்ரையர் யார் என்று கண்டுபிடித்தார். ஓரிடத்தில் நிலைக்காமல் சுற்றித் திரிந்து, பியானோ வாசித்துப் பிழைத்த மனிதர், 1985-ல் இறந்துவிட்டார். கானர் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால். ஆக, நடுவில் நின்றவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதே 1998-ல், கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ஆன்டிகுவாவில், குடிக்கும் போதை மருந்துக்கும் அடிமையானவர்களுக்கு 'க்ராஸ்ரோட்ஸ்' என்ற சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அதற்காக 1999-ல் நூறு கிதார்களை நியூயார்க்கில் ஏலத்துக்கு விட்டார். சுமார் ஐம்பது லட்சம் டாலர் கிடைத்தது. 'லைலா'வை வாசித்த கிதார் மட்டும் 4,97,500 டாலருக்குப் போயிற்று. கடைசி சாக்கைப் பறிகொடுத்த அந்தப் பெண்மணியை அப்போது நினைத்துக்கொண்டிருப்பார் என்று எண்ணுவது நாவலாசிரியனின் புத்தி, மன்னிக்க வேண்டும்.

2004-ல் அவர் ஒன்று செய்தார். பன்னிரண்டு வருஷமாகக் கச்சேரிகளில் பாடி வந்த அந்தப் பாட்டையும் தகப்பன் பாட்டையும் நிறுத்திவிட்டார். இழப்பு இப்போது முன்போல நெஞ்சில் இல்லை, அது இல்லாமல் இந்தப் பாட்டுகளைப் பாட முடியாது என்றார். அப்போது அவருக்கு மறுபடியும் கல்யாணமாகிச் சிறு பெண் குழந்தைகள் இருந்தார்கள். சில வருஷங்கள் கழித்துத் திரும்பவும் பாட ஆரம்பித்தார். ஆனாலும் சபையோர் ஒவ்வோர் ஊரிலும் கேட்கிற பாட்டை, துக்கம் வரவில்லை என்ற காரணத்தினால் பாடாமல் விட்ட வருஷங்கள் உண்டு. கூலிக்கு மாரடிக்கிறவர்களுக்கு அந்தச் சங்கடம் கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அக்கா வீட்டுக்குப் போய், இவ்வளவையும் வரிசையாகச் சொன்னேன். மாதா கோவில், கொசு, ஏலம், எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தாயை அக்கா என்று கூப்பிட்ட இடத்தில் மாத்திரம் நிமிர்ந்து பார்த்தாள். முடித்தபோது பாட்டைப் பற்றியோ பரிசைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த ஜன்னலுக்கு அப்புறமாவது கம்பி போட்டாங்களா?" என்றாள்.

அந்த ஒரு ஜன்னலைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை. நியூயார்க்கில் அடுக்கு வீட்டுச் சொந்தக்காரர்கள், பத்து வயதும் அதற்குக் குறைந்ததுமான குழந்தைகள் இருக்கிற குடித்தனங்களின் ஜன்னல்களுக்குத் தடுப்புக் கம்பி போட வேண்டும் என்று 1976-லேயே நகரச் சுகாதார விதி கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். பிள்ளை போன பிறகு கிளாப்டன் பொதுஜன அறிவிப்புப் படங்களில் தோன்றி, வீட்டில் குழந்தை இருந்தால் ஜன்னலுக்கும் மாடிப்படிக்கும் தடுப்பு வையுங்கள் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொண்டார் என்றும் சொன்னேன்.

"அதைச் செஞ்சானா?" என்றாள் அக்கா.

"செஞ்சார்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "நீ கதை எழுதினே. உங்க அத்தான், காரியம் ஆன மறுநாளே கொத்தனாரைக் கூட்டியாந்து கிணத்துக்கு இடுப்பளவு சுவர் எடுத்தார். ஒரு வார்த்தை பேசலே. கல்லெல்லாம் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்" என்றாள்.

எனக்கு அது தெரியாது. என் கதையில் வருகிற கிணற்றுக்குக் கடைசி வரையில் சுவர் கிடையாது.

இருட்டிவிட்டது. அக்கா எழுந்து, விளக்கைப் போடச் சொல்லிப் பேரனைக் கூப்பிட்டாள்.